வால் எலும்பு வலி: எப்போது வலிக்கிறது என்பதை வைத்து என்ன செய்வது

கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி பிடித்திருந்தது. ஐப்பசி மழை, தீபாவளிக்கு 8 நாள், கையில் வாளி. கால் வழுக்கியது தெரிந்தது, அடுத்த நொடி கல்லின் விளிம்பில் உட்கார்ந்த வாக்கில் விழுந்து கிடந்தேன். உச்சந்தலை வரை மின்சாரம் ஏறியது போல இருந்தது, வாயிலிருந்து சத்தம்கூட வரவில்லை. ஆனால் எழுந்து நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது, அதனால் ஒன்றுமில்லை என்று நினைத்து அன்று மதியமே தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். ஜாக்கெட் மட்டுமே 30க்கு மேல் தைக்க வேண்டியிருந்தது. ராத்திரி ஏழு மணிக்கு ஸ்டூலை விட்டு எழப் பார்த்தபோதுதான் எழ முடியவில்லை என்பது தெரிந்தது.

வலி போக 3 மாதம் ஆனது. அதில் பாதி நாள் நானே கெடுத்துக்கொண்டது. டாக்டரிடம் போய் எங்கே வலி என்று சொல்லக் கூச்சப்பட்டு "இடுப்பு வலி" என்றேன், அவர் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார், அதில் ஒன்றும் இல்லை, மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது டாக்டர்தான் "ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கம்மா" என்றார். தொட்டுக் காட்டினேன். வலி எங்கே என்பதைவிட எப்போது வருகிறது என்று அவர் துருவித் துருவிக் கேட்டார்: உட்காரும்போதா, உட்கார்ந்து எவ்வளவு நேரம் கழித்தா, எழும்போதா, பாத்ரூமிலா, படுத்திருக்கும்போதா. அந்தக் கேள்விகளைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்துவது எதுவோ அந்த இடத்துக்குப் போய்ப் படியுங்கள், ஆனால் அடுத்து வரும் இரண்டு பகுதிகளையும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

விழுந்த பிறகு சிறுநீர் வரவில்லை அல்லது தெரியாமலே போகிறது, மலம் அடக்க முடியவில்லை, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் முழுக்க, அதாவது தொடைகளின் உள்பக்கமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போயிருக்கிறது, கால்களில் பலம் குறைகிறது: இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இது வால் எலும்போடு நிற்கிற விஷயம் இல்லை, மேலே தண்டுவடத்திலிருந்து இறங்கும் நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம், அதில் மணிக்கணக்கு முக்கியம். அதேபோல வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் ராத்திரியில் விடாமல் வலிப்பது, முன்பு புற்றுநோய் வந்தவர் என்றால் புதிதாக வரும் வலி, மலத்தில் ரத்தம் எல்லாமே சில நாளுக்குள் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டிய விஷயங்கள். அந்த எலும்பில் கட்டி வருவது மிக அரிது, ஆனால் வரவே வராது என்று இல்லை.

இந்த எலும்பு என்ன செய்கிறது

முதுகெலும்பின் கடைசி நுனி இது. 3 முதல் 5 குட்டி எலும்புகள், பெரும்பாலானவர்களுக்கு 4, ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் உள்பக்கமாக வளைந்து நிற்கும். டாக்டர்கள் சொல்கிற காக்சிக்ஸ் என்ற பெயர், கிரேக்க மொழியில் குயில் இனப் பறவை ஒன்றின் பெயரிலிருந்து வந்தது, அதன் அலகு போல வளைந்திருப்பதால். வால் மறைந்த பிறகு மிஞ்சிய பயனில்லாத எலும்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. பிட்டத்தின் பெரிய தசையின் ஒரு பகுதி, ஆசனவாயைச் சுற்றிய தசை, கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழேயிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைகள் எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால்தான் அடிபட்டால் உட்காருவதோடு நிற்காமல் மலம் கழிப்பது, தாம்பத்தியம், தும்மல் வரைக்கும் வலி போகிறது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நாம் உட்காரும்போது எடையைத் தாங்குவது ஒரு முக்காலி: பிட்டத்தின் இரண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்படுகிற இரண்டு உட்காரும் எலும்புகள், மூன்றாவதாக இந்த வால் எலும்பு. முன்னால் சாய்ந்தால் எடை அந்த இரண்டுக்கும் தொடைக்கும் போய்விடும். பின்னால் சாய்ந்து, சோபாவில் சரிந்து உட்காருகிற மாதிரி உட்கார்ந்தால் மூன்றாவது காலின் மேல் ஏறும். கீழே நான் சொல்லப்போகிற யோசனைகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

இப்போதுதான் விழுந்தேன், தொட்டாலே உயிர் போகிறது

முதல் இரண்டு நாள் ஐஸ். துண்டில் சுற்றி 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, தோலில் நேரடியாக வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். நான் செய்தது இதற்கு நேர்மாறு: அன்று ராத்திரியே வெந்நீர் ஒத்தடம், அதற்கு மேல் தைலம். வீக்கம் புதிதாக இருக்கும்போது சூடு கொடுத்தால் அது இன்னும் கூடும். வெந்நீர் மூன்றாம் நாளுக்கு அப்புறம், தசை இறுகிப் பிடித்திருக்கும்போது நல்லது.

படுக்கும்போது மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை. வலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் பிரச்சினையோ குடிப்பழக்கமோ இருந்தால் அதைவிடக் குறைவு, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகள் வீக்கத்தையும் குறைக்கும், ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை, கர்ப்பம் இருந்தாலும் டெங்குவோ என்று சந்தேகப்படுகிற காய்ச்சல் இருந்தாலும் மருந்துக்கடையில் சும்மா கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

இந்த எலும்பு உடைந்திருந்தாலும் மாவுக்கட்டு போட முடியாது. அதனால் நடக்க முடிகிறது, கால் மரத்துப்போகவில்லை, சிறுநீர் ஒழுங்காகப் போகிறது என்றால் முதல் நாளே எக்ஸ்ரேவுக்கு ஓட வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. வெறும் அடி என்றால் சில வாரங்களில் தணியும், எலும்பு முறிந்திருந்தால் 8 முதல் 12 வாரம். நாள் ஆக ஆக வலி கொஞ்சமாவது இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். சுளுக்கு எடுப்பவரிடம் போகாதீர்கள். என்னை அழைத்துப்போனார்கள். எண்ணெய் விட்டுக் கட்டை விரலால் அந்த நுனியையே அழுத்தி உருவினார், நல்லெண்ணத்தோடுதான் செய்தார், ஆனால் அன்று ராத்திரி குப்புறப் படுத்தே தூங்கினேன். முறிந்த அல்லது நழுவிய குட்டி எலும்பை வெளியேயிருந்து உள்நோக்கி அழுத்துவது எந்த வகையிலும் உதவாது.

உட்கார்ந்தால் வலி, எழுந்து நடந்தால் போய்விடுகிறது

வால் எலும்பு வலியின் அசல் அடையாளம் இதுதான். தரையிலும் பெஞ்சிலும் மர ஸ்டூலிலும் அதிகம், சில பேருக்கு மெத்தென்ற சோபாவில் இன்னும் அதிகம், ஏனென்றால் சோபாவில் இடுப்பு உள்ளே அமிழ்ந்து உடம்பு பின்னால் சாய்ந்துவிடும். உங்களுக்கு இது என்றால் மருந்தைவிட முதலில் மாற்ற வேண்டியது உட்காரும் இடம்.

கடையில் போய்க் கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பது நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தலையணை, காற்றடைத்த வளையம். நானும் அதைத்தான் வாங்கினேன். அது மூலத்துக்குச் சரி. வால் எலும்புக்கு, வளையத்தின் பின் விளிம்பு சரியாக அந்த நுனிக்குக் கீழேயே வந்து முட்டுகிறது, எனக்கு வலி கூடியது. தேவைப்படுவது வேறு வடிவம்: கெட்டியான ஃபோம், பின்பக்கம் மட்டும் ப மாதிரி வெட்டிவிட்டது, வால் எலும்பு எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்.

தைக்கத் தெரிந்தவள் என்பதால் நானே செய்துகொண்டேன், எப்படி என்று சொல்லிவிடுகிறேன். சோபா தைக்கிற கடைகளில் ஃபோம் வெட்டிக் கொடுப்பார்கள், அங்கே போய்க் கையால் அழுத்திப் பாருங்கள், அழுத்தினால் உள்ளங்கை தரையைத் தொடுகிற மாதிரி இருந்தால் வேண்டாம், அழுத்தத்துக்கு எதிர்த்து நிற்க வேண்டும். 3 அங்குலக் கனம், 16 அங்குல அகலம், 14 அங்குல நீளம். பின் ஓரத்தின் நடுவிலிருந்து முன்னோக்கி 5 அங்குல ஆழத்துக்கு 3 அங்குல அகலத்தில் வெட்டினேன். வெட்டும்போது ஃபோமைத் தண்ணீரில் நனைத்து, நீளமான புதுக் கத்தியால் ஒரே பக்கமாக இழுத்தால் ஓரம் பிசிறில்லாமல் வரும், கத்திரிக்கோல் வைத்தால் கடித்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் கொஞ்சம் சரிவாகவும் இருக்கும்படி மேலே சீவினேன், அப்போதுதான் இடுப்பு தானாக முன்னால் சாயும். உறைக்குப் பழைய காடாத் துணி, வெட்டின இடத்தில் துணி இறுக்கமாகத் தொட்டில் போல நிற்கக் கூடாது, உள்ளே மடக்கித் தைக்க வேண்டும். முதல் தடவை அதைத்தான் கோட்டைவிட்டேன், துணியே எலும்பைத் தாங்க ஆரம்பித்துவிட்டது.

அது மட்டும் போதாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தேன். மெஷின் பக்கத்தில் செல்போனில் அலாரம் வைத்து, அடித்ததும் எழுந்து நின்றபடியே கொக்கி, பித்தான், ஹெம்மிங் வேலைகளைப் பார்த்தேன். ஆபீசில் இருப்பவர்கள் போன் பேசும்போதெல்லாம் நிற்கலாம். நாற்காலியில் பாதங்கள் இரண்டும் தரையில் படட்டும், முழங்கை மேஜையில் ஊன்றட்டும், உடம்பு கொஞ்சம் முன்னால். சம்மணம் போட்டுத் தரையில் உட்காருவதைச் சில வாரம் விடுங்கள். வீட்டில் பூஜை, விசேஷம் என்றால் ஒரு நாற்காலி கேட்டு வாங்குங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உட்கார்ந்திருக்கும்போது பரவாயில்லை, எழுகிற அந்த நொடியில் சுரீர்

எழும்போது ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி, நின்றபின் நாலைந்து நொடியில் அடங்குகிறது என்றால், அந்தக் குட்டி எலும்புகளின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். நாம் உட்கார்ந்தால் வால் எலும்பு கொஞ்சம் வளையும், எழுந்தால் பழைய இடத்துக்கு வரும். சுமார் 5 முதல் 25 டிகிரி வரை அசைவது இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் வளைந்தாலும், உட்கார்ந்ததும் பின்னால் நழுவினாலும், அது திரும்பி வரும்போது இந்தச் சுரீர்.

எழுகிற விதத்தை மாற்றினால் உடனே தெரியும் பலன். நாற்காலியின் நுனிக்கு நகருங்கள், இரண்டு பாதத்தையும் முழங்காலுக்குக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள், மூக்கு முழங்காலுக்கு முன்னால் வரும்வரை குனியுங்கள், பிட்டத்தை இறுக்கிக்கொண்டு தொடை பலத்தில் எழுந்திருங்கள். பின்னால் கை ஊன்றித் தள்ளி எழுவதுதான் மோசம். 6 வாரத்துக்கு மேலும் இது மாறவில்லையென்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதுவும் சாதாரண எக்ஸ்ரே போதாது, கீழே சொல்கிறேன்.

மலம் கழிக்கும்போது வலி

முக்கினால் இடுப்புத்தளத் தசைகள் வால் எலும்பை இழுக்கும், இறுகிய மலம் உள்ளேயிருந்து அதன் மேல் உரசிக்கொண்டு போகும். வலிக்குப் பயந்து அடக்கினால் மலம் இன்னும் இறுகும், அடுத்த நாள் இன்னும் வலிக்கும். இந்தச் சுழலை முதல் வாரத்திலேயே வெட்டிவிடுங்கள். தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தேவைப்பட்டால் ராத்திரியில் இசப்கோல் நிறையத் தண்ணீரோடு. டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும், அவை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் கூடவே மலமிளக்கியும் கேளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் பாதத்துக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி வைத்து முன்னால் குனிந்து உட்காருங்கள்.

வலியோடு பச்சை ரத்தம் வந்தாலோ பிளேடால் கிழிக்கிற மாதிரி எரிந்தாலோ அது ஆசனவாய் வெடிப்பாகவோ மூலமாகவோ இருக்கலாம். அது வேறு வைத்தியம், எலும்பு டாக்டரிடம் போய்ப் பயனில்லை.

விழவே இல்லை, ஆனாலும் வலிக்கிறது

நிறையப் பேருக்கு இப்படித்தான். ஒரே அடியாக இல்லாமல் சின்னச் சின்ன அடிகள் சேர்ந்து வருவது. பைக்கில் பின்சீட்டில் உட்கார்ந்து வேகத்தடைகளில் தூக்கிப் போடுவது, பஸ்ஸின் கடைசி சீட், மாதக்கணக்கில் ஒரே கெட்டி நாற்காலி, சைக்கிள். உடல் எடை அதிகமாக இருப்பவர்கள் உட்காரும்போது இடுப்பு குறைவாகவே திரும்புகிறது, வால் எலும்பின் மேல் இறங்கும் அழுத்தம் கூடுகிறது. மாறாக மிக ஒல்லியானவர்களுக்கும், நோய் வந்து வேகமாக எடை இழந்தவர்களுக்கும் அந்த இடத்தில் மெத்தை போல இருந்த கொழுப்பு இல்லாமல் போகிறது, அதோடு எலும்பு நுனியில் முள் போல ஒரு துருத்தல் இருந்தால் அது உள்ளேயிருந்து தோலைக் குத்துகிறது. தடவிப் பார்த்தால் சில பேருக்கு நுனியில் ஒரு சின்னக் குழி தெரியும்.

வண்டியில் பின்னால் போகிறவர்கள் வேகத்தடை வருகிற இடத்தில் கால்மிதியில் ஊன்றி உடம்பை ஒரு அங்குலம் தூக்கிக்கொள்ளுங்கள். ஓட்டுபவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். பஸ்ஸில் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள சீட்டில் குலுக்கல் குறைவு.

பிரசவத்துக்கு அப்புறம் ஆரம்பித்தது

இதைக் கொஞ்சம் நிறுத்தி எழுத வேண்டும். இந்த வலி ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் 5 மடங்கு அதிகம் என்று மருத்துவப் புத்தகங்களில் சொல்கிறார்கள். பெண்ணின் இடுப்பு அகலமானது, வால் எலும்பு இன்னும் பின்னால் துருத்தி நிற்கிறது, அடி படுவதற்குத் தோதாக. இதற்கு மேல் பிரசவம். கடைசி மாதங்களில் உடம்பின் இணைப்புகள் தளரும், குழந்தையின் தலை வெளியே வரும்போது வால் எலும்பைப் பின்னால் தள்ளிக்கொண்டுதான் வரும், பெரிய குழந்தை, நீண்ட நேரம் முக்கியது, ஆயுதம் போட்டு எடுத்தது என்றால் நழுவவோ முறியவோ வாய்ப்பு உண்டு. 1859இல் இந்த வலிக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தவர் எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் சிம்ப்சன், அவர் பிரசவம் பார்க்கிற டாக்டர்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை பெற்றவள் உட்கார்ந்து பால் கொடுக்க முடியவில்லை என்று அழுதால் "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார்கள். தையல் போட்ட வலி என்று அவளும் நினைத்துக்கொள்கிறாள். தையல் வலி முன்பக்கம், இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். பின்னால், பிட்டப் பிளவின் மேல் முனைக்குக் கொஞ்சம் கீழே, விரல் வைத்தால் ஒரே புள்ளியில் வலிக்கிறது என்றால் அது தையல் இல்லை. ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுங்கள், மேலே சொன்ன தலையணையை வைத்துக்கொள்ளுங்கள், பால் கொடுக்கும் தாய் என்று சொல்லியே மாத்திரை கேளுங்கள். இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். இந்த நிலையில் அந்தத் தசைகளை இறுக்குவதைவிடத் தளர்த்துவதுதான் முதலில் வேண்டும், அதனால் வீடியோ பார்த்து நாமே இறுக்குப் பயிற்சி ஆரம்பிக்க வேண்டாம்.

வலி நடுவில் இல்லை, பக்கத்தில்

ஒரு விரலால் காட்டச் சொன்னால் நடுவில் காட்டாமல் பிட்டத்தின் ஒரு பக்கத்தைக் காட்டுகிறீர்களா? உட்காரும் எலும்பை ஒட்டி, உரசாமல் இருக்க மெத்தை போல இருக்கிற சின்ன நீர்ப்பை வீங்கியிருக்கலாம். நெசவாளர்களுக்கும் எங்களைப் போல நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் வருகிற வலி இது. உள்ளங்கை முழுதையும் வைத்து இடுப்பைக் காட்டி, அங்கிருந்து தொடையின் பின்பக்கம் வழியாகக் கால்வரை இழுக்கிறது என்றால் அது நரம்பு. வால் எலும்பு வலி பொதுவாக முழங்காலுக்குக் கீழே இறங்காது.

கட்டி, சிவப்பு, சீழ்

இது எலும்பே இல்லை. பிட்டப் பிளவின் மேல் முனையில் முடி உள்ளே புகுந்து பை போல ஆகிச் சீழ் பிடிப்பது, பைலோனைடல் சைனஸ். இளம் வயது ஆண்கள், முடி அதிகம் உள்ளவர்கள், வண்டி ஓட்டுபவர்களுக்கு அதிகம். இரண்டாம் உலகப் போரில் ஜீப் ஓட்டிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஏராளமாக வந்ததால் ஜீப் நோய் என்றே பெயர். பிதுக்க வேண்டாம், அறுவை சிகிச்சை டாக்டரிடம் போங்கள்.

தூக்கத்தில் திடீரென்று ஆசனவாய்க்குள் இழுத்துப் பிடித்து எழுப்புகிறது, சில நிமிடத்தில் தானாக விடுகிறது என்றால் அதுவும் வால் எலும்பு இல்லை, உள்ளே இருக்கிற தசைப்பிடிப்பு. பயங்கரமாக இருக்கும், ஆபத்து இல்லை. வெந்நீர் நிரப்பிய டப்பில் உட்கார்ந்தால் அடங்கும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள், எனக்கோ வலி குறையவில்லை

வால் எலும்பின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். பிறவியிலேயே நன்றாக வளைந்திருப்பவர்கள் வலியில்லாமல் இருப்பார்கள், அதனால் ஒரே ஒரு படத்தைப் பார்த்து வளைந்திருக்கிறது என்றோ சரியாக இருக்கிறது என்றோ சொன்னால் அது முடிவு இல்லை. படுக்க வைத்து எடுத்த படத்தில் உட்காரும்போது நடக்கிற கோளாறு எப்படித் தெரியும்? பக்கவாட்டில் இரண்டு படம் வேண்டும்: நின்றபடி ஒன்று, வலி வருகிற மாதிரியே உட்கார்ந்து ஒன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் எத்தனை டிகிரி வளைகிறது, நழுவுகிறதா என்பது தெரிந்துவிடும். என்னுடைய இரண்டாவது டாக்டர் எழுதிக் கொடுத்தது இதைத்தான், உட்கார்ந்த படத்தில் கடைசிக் கண்ணி பின்னால் தள்ளி நின்றது எனக்கே தெரிந்தது. எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம், சீட்டில் தெளிவாக எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால்கூட எடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பரிசோதிப்பதும் உண்டு. கையுறை போட்டு ஒரு விரல் உள்ளே, கட்டை விரல் வெளியே, நடுவில் வால் எலும்பைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்ப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. முன்பே தெரியாமல் போனால் அதிர்ச்சியாக இருக்கும் என்பதால் சொல்கிறேன். கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

மூன்று மாதம் ஆகியும்

பெரும்பாலானவர்களுக்குத் தலையணை, உட்காரும் விதம், பிசியோதெரபி, நாள் இவற்றிலேயே போய்விடுகிறது. எனக்கு ஐந்தாவது வாரத்தில் ராத்திரி வலி போனது, பதினோராவது வாரத்தில் ஒரு முழு நீள அனார்கலியை எழாமல் தைத்து முடித்தேன். அப்படிப் போகாதவர்களுக்கு அடுத்தது ஊசி: வலிக்கிற இணைப்பில் ஸ்டீராய்டும் மரத்துப்போகிற மருந்தும், அல்லது வால் எலும்புக்கு முன்னால் இருக்கிற நரம்பு முடிச்சை மரக்க வைப்பது. எக்ஸ்ரே திரையில் ஊசி போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே போடுவார்கள், வலி சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள். உள்ளேயிருந்து தசையையும் எலும்பையும் கையால் தளர்த்தும் சிகிச்சையும் இருக்கிறது, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும். கடைசியாக எலும்பையே எடுப்பது. மற்ற எல்லாம் பார்த்தும் பலனில்லாமல், படத்தில் தெளிவாகத் தளர்வோ நழுவலோ தெரிகிறவர்களுக்கு அது உதவுகிறது. ஆசனவாய்க்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிற புண் என்பதால் கிருமி தொற்றும் வாய்ப்பு உண்டு, முழுக்கத் தேறப் பல மாதம் ஆகலாம், அதனால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

என்னிடம் தைக்கக் கொடுக்கிற ஒரு அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்தில் ஆரம்பித்தது, 2 வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. என் ஸ்டூலில் இருந்த தலையணையைப் பார்த்து, இது எதுக்கு என்று கேட்டு, அப்புறம்தான் சொன்னார். நின்றும் உட்கார்ந்தும் எடுத்த படம், ஒரு ஊசி, ஆறு வாரப் பிசியோதெரபி. அளவெடுக்க வந்தால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறவர், போன வாரம் உள்ளே வந்து உட்கார்ந்து காப்பி குடித்தார், அவருக்கென்று நான் வெட்டி வைத்திருக்கிற இரண்டாவது தலையணை மேல்.